கடைசி ஒரு மணி நேரம்

மாலைப் பத்திரிகைகளில் அந்த வாக்கியம் மாறுவதே இல்லை. ‘தீராத வயிற்றுவலியால் அவதிப்பட்டு வந்தவர் மனமுடைந்து...’ பெயர், ஊர், வயது மட்டும் மாறும். தமிழ்நாட்டில் இத்தனை பேருக்கா வயிறு வலிக்கிறது என்று கல்லூரி விடுதிகளில் ஒரு பழைய நகைச்சுவை உண்டு. என் அப்பாவின் போலீஸ் ரெக்கார்டிலும் காரணம் வயிற்றுவலிதான்.

அது பொய். ஆனால் இரக்கமுள்ள பொய். வட்டிக்குக் கொடுத்தவர், பெய்யாத மழை, கட்டிய மனைவி, பெற்ற பிள்ளை என்று யாரையும் அது கைகாட்டாது. விசாரணைக்கு ஒரு காரணம் வேண்டும். குடும்பம் அதே ஊரில் தொடர்ந்து வாழ வேண்டும். அரசுக்கும் இப்படி ஒரு சொல் தேவைப்படும்போலிருக்கிறது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி பாதித்ததாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில், வறட்சியால் எந்த விவசாயியும் தற்கொலை செய்துகொள்ளவில்லை, அவை தனிப்பட்ட காரணங்கள் என்று மாநில அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. தனிப்பட்ட காரணம் என்பது அரசாங்கத்தின் வயிற்றுவலி.

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில் எங்கள் காடு. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிப் பருத்தியும் மல்லியும் விதைக்கிற பூமி. கண்மாய் பெருகாத வருஷம் நிலம் சீமைக்கருவேலத்துக்குப் போகும். ஆள் கரிமூட்டத்துக்கோ திருப்பூருக்கோ போவார். கடன், வறட்சி, குடி, மானம், யாரிடமும் சொல்லாத மனச்சோர்வு என்று அப்பாவுக்கு எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. ஆனால் அதே மழை பொய்த்து, அதே ஆளிடம் கடன் வாங்கிய பக்கத்துக் காட்டுக்காரர் இன்றும் டீக்கடைக்கு வருகிறார். இந்த இடத்தில்தான் பிள்ளையின் மனசு தனக்கென்று ஒரு காரணத்தைக் கண்டுபிடிக்கிறது: அவருக்கு அவர் பிள்ளைகள் போதுமாக இருந்தார்கள், என் அப்பாவுக்கு நாங்கள் போதவில்லை.

பெற்றோரை இப்படி இழந்தவர்களில் பலரும் இந்த வாக்கியத்தோடுதான் வாழ்கிறார்கள் என்று நினைக்கிறேன். இது துக்கத்தைவிடத் தீர்ப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதனால்தான் வெளியே சொல்ல வாய் வருவதில்லை. எழவு வீட்டிலேயே பெரியப்பா ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “யாரு கேட்டாலும் நெஞ்சு வலின்னு சொல்லுய்யா” என்றார். காகிதத்துக்கு வயிறு, ஊருக்கு நெஞ்சு.

நான் மென்பொருள் வேலை பார்க்கிறவன். எங்கள் துறையில் சர்வர் விழுந்தால் அதன்பிறகு எழுதும் அறிக்கைக்குப் பெயர் போஸ்ட்மார்ட்டம். முதல்முறை மீட்டிங்கில் அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்கு ஆஸ்பத்திரி வராந்தாதான் கண்ணில் வந்தது. அந்த அறிக்கைக்கு ஒரு நல்ல விதி உண்டு: யார் தப்பு என்று எழுதக்கூடாது. மனுஷனுக்கு மோசமான நிமிஷம் வரத்தான் செய்யும். ஒரு மோசமான நிமிஷம் மொத்தத்தையும் சாய்க்கிற மாதிரி ஏன் கட்டிவைத்திருந்தோம் என்றுதான் கேட்க வேண்டும்.

இந்தக் கேள்வியை ஒரு நாடே கேட்டிருக்கிறது. இலங்கையில் 1995இல் ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். கடும் நச்சுள்ள பூச்சிமருந்துகளை அரசு ஒவ்வொன்றாகத் தடை செய்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. அதில் பெரும்பகுதி போர் நடந்த காலம். துன்பம் குறைந்துவிடவில்லை, விஷம் உட்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் மொத்த எண்ணிக்கையும் குறையவில்லை. வந்தவர்களில் முன்னைவிட அதிகம் பேர் பிழைத்தார்கள், அவ்வளவுதான். அப்படித் தப்பியவர்களில் மிகப் பெரும்பாலானோர் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை என்பது பல நாடுகளில் கண்டது. இங்கேயும் காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்களில், சென்னையில் 1986இல் ‘சினேகா’வைத் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமாரின் குழு, பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான இடத்தில் பூட்டிவைத்துப் பார்த்தது. எடுக்கப் போகிற நேரத்துக்குள் மனசு திரும்பிவிடலாம் என்பதுதான் கணக்கு.

அந்தக் கணக்கை வாசித்த அன்றுதான் என் வாக்கியம் முதல்முறையாக ஆட்டம் கண்டது. கைக்கெட்டும் இடத்தில் அந்த டப்பா இல்லாதிருந்தால், அதே மனிதர் அதே கடனோடு மறுநாள் காலையில் கஞ்சி குடித்திருக்கலாம். நாங்களும் அதே பிள்ளைகளாகத்தான் இருந்திருப்போம். அப்படியென்றால் நாங்கள் போதுமா போதாதா என்பது அந்த ராத்திரியின் கேள்வியே இல்லை.

அப்போது அது அவருடைய முடிவே இல்லையா, வெறும் விபத்தா? இல்லை. முடிவுதான். எனக்கு இன்னும் அவர்மேல் கோபம் இருக்கிறது. விபத்தின்மேல் யாரும் இப்படிக் கோபப்படுவதில்லை. ஆனால் நாற்பத்தெட்டு வயதுவரை ஒவ்வொரு விடியலிலும் எழுந்து காட்டுக்குப் போனதும் அவர் எடுத்த முடிவுதான். கடைசியாக எடுத்தது என்பதாலேயே ஒரு முடிவுக்கு மற்ற எல்லாவற்றையும் ரத்து செய்கிற அதிகாரம் வந்துவிடாது.

திருச்சுழியில் 1879இல் பிறந்த வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி, தன் தந்தையை இழந்தது 1892இல், பன்னிரண்டு வயதில். நான்கு வருஷம் கழித்து மதுரையில் மரண பயம் பிடித்தபோது, சாவது யார் என்று அவர் கேட்டார். அவர் கண்ட விடை எனக்கு எட்டாது. கேள்வியை மட்டும் பக்கத்து ஊர்க்காரன் என்ற உரிமையில் வாங்கிக்கொள்கிறேன். செத்தது யார்? மல்லி விதையை உள்ளங்கையில் தேய்த்து மோந்தே முளைக்குமா என்று சொல்கிறவர். கோபம் வந்தால் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோகிறவர். நான் பஸ்ஸைத் தவறவிட்டால் எட்டுக் கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்புகிறவர்.

மனசு ஆறுவதற்குக் காரணம் கிடைத்தாக வேண்டியதில்லை. வயிற்றையும் நெஞ்சையும் விட்டுவிட்டு, “எங்கப்பா தற்கொலை பண்ணிக்கிட்டார்” என்று சொல்ல முடிய வேண்டும். அதோடு நிறுத்தாமல், அவரைப் பற்றி அடுத்த வாக்கியத்தையும் சொல்ல முடிய வேண்டும்.

வாசிக்கிறவர்களில் யாருக்காவது இன்று அப்படி ஒரு ராத்திரி என்றால், 104க்கோ 14416க்கோ கூப்பிடுங்கள். இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவரை எழுப்புங்கள். பேசி முடிப்பதற்குள் மழை பெய்துவிடாது, கடனும் அடையாது. அந்த ஒரு மணி நேரம் கடந்துவிடும்.