எட்ட நின்று காண்பது

நாகப்பட்டினத்துக்கும் இலங்கையின் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் கப்பல் விடத் தொடங்கினார்கள். நடுவில் நின்று, பிறகு மறுபடி ஓடி, அந்தச் சேவை கொஞ்சம் தள்ளாடியது உண்மை. ஆனாலும் நகுலேச்சரம், திருக்கேதீச்சரம், திருக்கோணேச்சரம் என்ற அங்குள்ள சிவத்தலங்களின் பெயர்கள் திருவண்ணாமலை அடியார்களுக்குச் சற்றுப் பக்கத்தில் வந்துவிட்டன. நல்ல காரியம்தான். ஆனால் போய் வருகிறவர்களின் கைபேசிகளில் கோயில் படங்களுக்கு அடுத்தாற்போல் இன்னொன்றும் இருக்கிறது. திருகோணமலைக் கடலிலோ, தெற்கே மிரிஸ்ஸவிலோ படகேறிப் போய் எடுத்த திமிங்கலக் காணொளி. சாம்பல் நீல முதுகு ஒன்று நீரைப் பிளந்து எழும்புகிறது. மூச்சு புகைபோலப் பீறிடுகிறது. சுற்றிலும் நாலைந்து படகுகள். இன்னும் கிட்டப் போகச் சொல்லி யாரோ கத்துகிறார்கள். வால் உயர்ந்து அமிழும்போது கைதட்டல்.

குடும்பக் குழுக்களில் இது சுற்றுகிறது. இதயக் குறிகள் குவிகின்றன. பார்க்கிறவர்களில் பாதிப் பேருக்காவது உறுத்த வேண்டியது ஒருவருக்கும் உறுத்துவதாகத் தெரியவில்லை. ஆகவே சுற்றி வளைக்காமல் சொல்லிவிடலாம்: படம் எடுப்பதற்காகத் திமிங்கலத்தை நெருங்குவது அறம் ஆகாது. எட்ட நின்று கண்ணால் காண்பது வேறு, எஞ்சினை முடுக்கிக்கொண்டு அதன் பின்னே போவது வேறு. முன்னது தரிசனம்; பின்னதற்கு நம் சட்டத்திலேயே கடுமையான ஒரு பெயர் இருக்கிறது.

முதலில் அந்தக் கடலில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். நீலத் திமிங்கலம் பூமியில் வாழ்ந்த விலங்குகளிலேயே பெரியது. உலகின் மற்றப் பகுதிகளில் அது குளிர்கடலுக்கும் வெப்பக்கடலுக்குமாக வலசை போகும். இலங்கையைச் சுற்றியுள்ளவை அப்படி நெடுந்தூரம் போகாமல் ஆண்டு முழுதும் இந்த வெப்பக்கடலிலேயே தங்கி, இங்கேயே மேய்ந்து, இங்கேயே குட்டி போட்டு வாழ்கின்றன. இதை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் இலங்கையின் கடலியல் அறிஞர் ஆஷா டி வோஸ். உணவுக்காகச் சுமார் பத்து நிமிடம் ஆழத்தில் மூழ்கி, பிறகு மேலே வந்து சில நிமிடம் மூச்சு வாங்குவது அவற்றின் வழக்கம். நம் படகுகள் காத்திருப்பது அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான். நுரையீரல் உள்ள உயிர் அது. மேலே வராமல் இருக்க முடியாது. எஞ்சின் ஓசை நெருங்கினால் மூச்சை முழுதாக வாங்காமலே மூழ்கும். குறை மூச்சோடு மூழ்கினால் மேய்ச்சலும் குறையும். அதோடு, திமிங்கலத்தின் உலகம் ஒலியால் ஆனது. இருண்ட நீரில் கண் சிறிதே பயன்படும். இனத்தை அழைப்பதும் குட்டியைத் தேடுவதும் செவி வழியே. அந்தச் செவியைச் சூழ்ந்துதான் நாலு எஞ்சின்கள் உறுமுகின்றன.

தொந்தரவு இது ஒன்றோடு முடிவதில்லை. இலங்கையின் தென்முனையான தேவேந்திரமுனைக்கு வெளியே உலகின் மிக நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று ஓடுகிறது. திமிங்கலங்கள் மேயும் இடமும் அதுவே. கப்பல் மோதி இறந்த திமிங்கலங்கள் கரையொதுங்கியிருக்கின்றன. எம்.எஸ்.சி. என்ற பெரிய கப்பல் நிறுவனம் 2022-இல் தன் கப்பல்களைச் சற்றுத் தெற்கே ஒதுங்கிப் போகச் சொன்னது. சரக்குக் கப்பல் நடத்தும் வணிகனே வழியை மாற்றிக்கொண்டான் என்றால், தலயாத்திரை போனவர் படகை நிறுத்த மாட்டேன் என்பது எந்த ஊர் நியாயம்?

சட்டத்துக்கு வருவோம். இந்திய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972, வேட்டை என்பதற்குத் தரும் விளக்கம் கொல்வதோடு நிற்கவில்லை. பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, இரை காட்டி இழுப்பது எல்லாமே அதற்குள் வரும். சரணாலயத்துக்குள் படம் எடுக்க அனுமதி பெற வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. இலங்கையிலும் 2012-இல் திமிங்கலம் காண்பதற்கான விதிகள் வந்தன. 100 மீட்டருக்குள் படகு போகக் கூடாது. கைபேசித் திரை நிரம்பத் திமிங்கலம் தெரிகிற காணொளிகளில் பலவும் அந்தக் கோட்டுக்கு வெளியே நின்று எடுத்தவையாகத் தோன்றவில்லை.

ஆனால் சட்டத்தைச் சொல்லி யாரையும் அறத்துக்குள் இழுத்துவர முடியாது. விதிக்கு உட்பட்டே துன்பம் செய்யலாம். அதனால்தான் நம் முன்னோர் சட்டத்துக்கு முன்னால் மனத்தைக் கேட்டார்கள். வள்ளுவர் இன்னாசெய்யாமை என்று ஒரு முழு அதிகாரமே வைத்தார். மற்றோர் உயிரின் நோயைத் தன் நோய்போல் கொள்ளாவிட்டால் அறிவு பெற்றதால் என்ன பயன் என்று அதில் கேட்கிறார். அறிவில்லாதவனைப் பார்த்துக் கேட்ட கேள்வி அன்று அது. திமிங்கலத்தின் நீளமும் எடையும் உணவும் எல்லாம் விரல்நுனியில் படித்துவிட்டுப் படகேறுகிற நம்மைப் பார்த்துக் கேட்டது. வாடிய பயிரைக் கண்டு வாடிய வள்ளலாரும், குளிரில் அகவியதாக எண்ணி மயிலுக்குப் போர்வை தந்த பேகனும் உயிரிடமிருந்து எதையும் கேட்டவர்கள் இல்லை. தாயுமானவர் இன்னும் ஒரு படி மேலே போனார். பூசைக்கு மலர் கொய்யப் போனவர், மலருக்குள்ளே இறைவன் இருக்கக் கண்டு கை வைக்க மனம் வராமல் நின்றார். கண்டதால் எடுக்கவில்லை. இன்று நமக்குக் கண்டதும் எடுக்கத்தான் தோன்றுகிறது.

இதற்கெல்லாம் மேலாக, திருவண்ணாமலைக்காரருக்கு வெளியூர்ச் சான்று தேவையே இல்லை. மலையிலேயே இருக்கிறது. ரமணர் விரூபாட்சிக் குகையில் இருந்த காலத்தில் ஒருநாள் மலையின் வடபுறம் சுற்றிக்கொண்டிருந்தார். மிகப் பெரிய ஆலிலை ஒன்று கண்ணில் பட்டது. அந்த இலைக்குரிய மரத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை எழுந்தது. புதர்களைத் தாண்டி ஏறினார். அப்போது அவர் தொடை ஒரு குளவிக் கூட்டில் இடித்துவிட்டது. குளவிகள் மொய்த்து, இடித்த அந்தக் காலையே கொட்டின. அவர் ஓடவில்லை. தப்பு செய்த காலுக்கு அது தகும் என்று அவை ஓயும்வரை நின்றார். கால் வீங்கிவிட்டது. பிறகு அந்த ஆலமரத்தைத் தேடுவதையே விட்டார். பின்னாளில் தேடப் புறப்பட்டவர்களையும் வேண்டாம் என்று தடுத்தார்.

தெரியாமல் பட்டதற்கு ஏன் இப்படி வருந்தினீர்கள் என்று அவர் அடியாரான முருகனார் பின்னாளில் செய்யுளாகவே கேட்டார். ரமணரும் செய்யுளாகவே பதில் சொன்னார். வேண்டுமென்று செய்யாவிட்டாலும், கூடு கலைந்தது கலைந்ததுதானே. அதற்காகக்கூட வருந்தாத மனம் என்ன மனம் என்பது அதன் சாரம். இந்த நிகழ்ச்சியை அடியார்கள் பொறுமைக்கு எடுத்துக்காட்டாகவே சொல்லி வருகிறார்கள். அதில் இன்னொன்றும் இருப்பதை யாரும் சொல்வதில்லை. அவர் போனது பார்ப்பதற்காக. ஆசை அழகானது, தீங்கற்றது, ஒருவகையில் பக்திகூட. அப்படிப்பட்ட ஆசையும் வேறோர் உயிரின் வீட்டைக் கலைத்தால் அந்த இடத்திலேயே நிறுத்தத் தக்கது என்று அவர் நடந்து காட்டினார். எங்களுக்குத் தீய எண்ணம் ஏதுமில்லை, அழகாக இருக்கிறதே என்றுதான் போனோம் என்கிறார்கள் படகில் போய் வந்தவர்கள். அவர்கள் சொல்வதை நம்பலாம். ரமணருக்கும் தீய எண்ணம் இருக்கவில்லை.

ரமணரையே எத்தனை பேர் படம் எடுத்தார்கள், அவர் தடுத்தாரா என்று சிலர் மடக்குவார்கள். 1946-இல் வெல்லிங் எடுத்த முகப்படம் ஊரில் கடைக்குக் கடை தொங்குகிறது. கார்த்தியே-பிரெஸ்ஸோன் என்ற பிரெஞ்சுப் படக்கலைஞர், உலகம் கொண்டாடுகிறவர், 1950 ஏப்ரலில் இங்கே வந்து ரமணரின் கடைசி நாட்களைப் படம் பிடித்தார். மறுப்பதற்கில்லை. ஆனால் உட்காரச் சொன்னால் உட்கார்ந்தவர் ரமணர். மறுத்திருந்தால் யாரும் கருவியைத் தூக்கியிருக்க மாட்டார்கள். திமிங்கலத்தால் சரி என்றும் சொல்ல முடியாது, வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. அது தரக்கூடிய ஒரே பதில் மூழ்குவது. அந்தப் பதிலைத்தான் நாம் கைதட்டி வரவேற்கிறோம். இன்னொன்றையும் நினைவில் கொள்ளலாம். ஏப்ரல் 14 இரவு ரமணர் உயிர் அடங்கிய நேரத்தில் வானில் ஓர் ஒளி நகர்ந்ததைக் கண்டவர்களில் அதே பிரெஞ்சுக்காரரும் ஒருவர். மணி பார்த்து 8.47 என்று குறித்தார். கண்டவர்களின் சொல்லே அதற்குச் சான்று. படம் இல்லையே என்று இந்த ஊரில் எவரும் அதைக் குறைத்துப் பேசியதில்லை.

காண்பதற்கும் கைப்பற்றுவதற்கும் உள்ள தூரத்தை இந்தத் தலத்தின் புராணமே பேசுகிறது. அழற்பிழம்பாய் நின்றவனின் அடியைத் தேடிப் பன்றியாகத் தோண்டிப் போன திருமால், காணவில்லை என்று ஒப்புக்கொண்டு பெருமை பெற்றார். முடியைத் தேடி அன்னமாகப் பறந்த நான்முகன், தாழம்பூவைப் பொய்ச்சாட்சி வைத்து, கண்டேன் என்றான். நான்முகனுக்குக் கோயில் அரிது. தாழம்பூ சிவபூசைக்கு ஆகாமல் போனது. திமிங்கலத்தை முழுதாகக் கண்ட படகுப் பயணி யாரும் இல்லை. முதுகில் ஒரு பகுதி, வாலின் கடைசி நுனி, அவ்வளவுதான். அதை வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்து, திமிங்கலத்தைக் கண்டேன் என்று ஊருக்கெல்லாம் அனுப்புகிறோம். தாழம்பூவுக்கும் அந்தக் காணொளிக்கும் அதிக வேறுபாடு தெரியவில்லை.

சம்பந்தரை எடுத்துக்கொள்வோம். அறையணிநல்லூரில் நின்று தொலைவில் அண்ணாமலை தெரியக் கண்டு பாடியவர் அவர். திருக்கோணமலையையோ கடல் தாண்டிப் போகாமல் இராமேசுவரத்தில் இருந்தே பாடினார் என்கிறது பெரியபுராணம். நெருக்கமே பக்திக்கு அளவு என்றால் அந்தப் பதிகம் பிறந்திருக்காது.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். மிரிஸ்ஸவில் படகோட்டிகள் பலர் 2004 கடல்கோளில் எல்லாம் இழந்த மீனவக் குடும்பத்தினர். இந்தப் பயணத்தால் அவர்கள் அடுப்பு எரிகிறது. ஆய்வாளர்கள் படங்களைக் கொண்டுதான் தனித்தனித் திமிங்கலங்களை அடையாளம் வைக்கிறார்கள். குசராத்தில் வலையில் சிக்கிய திமிங்கலச் சுறாவை மீனவர்களே விடுவித்து, அதைப் படம் எடுத்துக் காட்டி வலைக்கு இழப்பீடு பெறும் ஏற்பாடு நன்றாகவே நடக்கிறது. அங்கே படம் உயிருக்குச் சேவகம் செய்கிறது. சுற்றுலாப் படகில் உயிர் படத்துக்குச் சேவகம் செய்கிறது. பிழைப்பு என்ற வாதமும் வெகுதூரம் போகாது. திமிங்கலம் விலகிப் போன கடலில் படகோட்டிக்கு என்ன பிழைப்பு?

நம் கரையிலேயே ஒரு பாடம் நடந்து முடிந்திருக்கிறது. 2016 சனவரியில் தூத்துக்குடி மாவட்டத்தில் மணப்பாடு, கல்லாமொழிக் கரையோரம் பைலட் திமிங்கலங்கள் கூட்டமாகக் கரையேறின. மீனவர்கள் கயிறு கட்டிப் படகில் இழுத்துப் போய் ஆழத்தில் விட்டார்கள். பல மறுபடி திரும்பி வந்தன. 40-க்கும் மேற்பட்டவை மடிந்தன. ஒரு பக்கம் நீரில் இறங்கி இழுத்தவர்கள், மறுபக்கம் பார்க்க வந்து கைபேசி உயர்த்தியவர்கள். அந்தக் கரையிலிருந்து சிறிது தூரத்தில் உள்ள திருச்செந்தூர்க் கோயிலைப் பற்றிய வழக்கில்தான் 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழகக் கோயில்களுக்குள் கைபேசியைத் தடை செய்யச் சொன்னது. தெய்வத்தின் முன்னால் கருவி வேண்டாம் என்பதில் அடியார்களுக்குப் பெரிய சண்டை இல்லை. அண்ணாமலையார் கருவறையைப் படம் எடுக்க நினைக்கவே கூசுகிறவர், அதே வாரம் கோணமலைக் கடலில் கை நீட்டிக்கொண்டு படகின் விளிம்பில் தொங்குகிறார். உயிர்களெல்லாம் அவன் உறையும் இடம் என்று திருமூலர் முதல் வள்ளலார் வரை சொன்னதைக் கேட்டு வளர்ந்தவர்தான் அவரும்.

இந்த ஆண்டு யாத்திரை போகிறவர்களுக்கு வழி எளிது. திருக்கோணேச்சரம் நிற்கும் சுவாமி மலை கடலுக்கு மேல் செங்குத்தாக எழும் பாறை. பருவ காலத்தில் அங்கே நின்றபடியே, தொலைவில் திமிங்கல மூச்சு பீறிடுவதைக் காண முடியும். படகுச் செலவு இல்லை. படகில்தான் போவேன் என்பவர் பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேட்கட்டும். எத்தனை மீட்டரில் நிறுத்துவீர்கள்? நின்றதும் எஞ்சினை அணைப்பீர்களா? வேறு படகு முன்னமே நின்றால் விலகிப் போவீர்களா? திமிங்கலம் தெரியாவிட்டால் மறுநாள் இலவசம் என்று விளம்பரம் செய்கிற படகுகள் உண்டு. கேட்க இனிக்கும் அந்த உறுதிமொழிதான் ஓட்டுநரைத் துரத்த வைக்கிறது. அப்படிச் சொல்கிற படகில் சீட்டு வாங்கக் கூடாது. குழுவாகப் போகிறவர்கள் பயண ஏற்பாட்டாளரிடம் இதை ஊரிலேயே, முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடலாம்.