கண்ணும் இடமும்

தமிழில் ‘கண்’ என்பது உறுப்பின் பெயர். ஏழாம் வேற்றுமை உருபாக நின்று இடத்தையும் அதுவே உணர்த்தும். ‘ஊரின்கண்’ என்றால் ஊரில் என்பது பொருள். இவ்விரண்டும் ஒரு வேரினவோ அல்லவோ, மொழியறிஞர் ஆய்ந்து கூறட்டும். கண் மருத்துவத்தைக் குறித்து எழும் அறக்கேள்வி ஒன்றை எண்ணுங்கால் இரு பொருளும் ஒருங்கே நினைவிற்கு வருகின்றன. பார்வை மங்கியோர்க்கான உதவி எவ்விடத்தே நிற்றல் வேண்டும்? அதனைச் செய்யும் கை யாருடையதாதல் வேண்டும்? மருத்துவப் பட்டம் பெறாத உள்ளூர்ப் பெண்ணொருத்திக்குச் சில ஆண்டுப் பயிற்சியளித்து, அவளிடம் ஏழையின் கண்ணை ஒப்படைப்பது நீதியா? அன்றி, ஏழைக்கு இது போதும் என்னும் இளக்காரமா?

கோலார் தங்கவயலில் வாழும் நமக்கு இக்கேள்வி புதிதன்று. 1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்குச் சுரங்கத் தொழிலைத் தொடங்கியதிலிருந்து, 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்படும் வரை, ஏறத்தாழ 800 டன் பொன் இம்மண்ணினின்று எடுக்கப்பட்டதென்பர். பொன் வெளியே சென்றது. சயனைடு மேடுகள் இங்கே நின்றன. தொழிலறிவும் தொடக்கத்தில் அவ்வாறே இருந்தது. பொறியியல் கற்றோர் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து கப்பலேறி வந்தனர். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த நம் முன்னோர் உடலுழைப்பை நல்கினர். அறிவு ஒருவரிடமும் கை வேறொருவரிடமும் இருந்தன. பிற்காலத்தே நம்மவரும் பொறியாளராயினர் என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் சுரங்கத்தில் ஓரிடத்தில் மட்டும் இப்பிரிவினை செல்லவில்லை. அது முதலுதவி. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. அவ்வளவு ஆழத்தில் பாறை வெடித்துச் சிதறும்போது, மேலேயிருந்து மருத்துவர் இறங்கி வரும் வரை குருதி காத்திருக்குமா? ஆதலின் நிலத்தடியிலேயே முதலுதவி பயின்றவர் இருத்தல் வேண்டுமெனச் சுரங்கச் சட்டம் விதித்தது. உடன் உழைப்பவனே காயத்தைக் கட்டினான். முறிந்த காலுக்குச் சிம்பு வைத்தான். கூண்டிலேற்றி மேலே அனுப்பினான். அதனை மட்டமான வைத்தியம் என்று எவரும் இகழ்ந்ததில்லை. எது தன்னால் ஆகும், எதனை உடனே மேலே அனுப்புதல் வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. பயிற்சியின் சாரம் அதுவே.

ஆழம் என்பது ஒருவகைத் தொலைவே. இன்று அத்தொலைவு கிடையாகக் கிடக்கிறது. சுரங்கம் மூடியபின் சுரங்க நிறுவனத்தின் மருத்துவமனையும் தன் பழைய பணியை இழந்தது. இளைஞர்கள் பொழுது புலருமுன் மாரிக்குப்பத்திலும் உரிகத்திலும் இரயிலேறி, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் கடந்து பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். வரிசை வீடுகளில் முதியோர் எஞ்சுகின்றனர். கண்புரை முற்றிய தாயொருத்தியைப் பெங்களூருக்கு அழைத்துச் செல்ல வேண்டுமாயின், மகன் ஒரு நாள் கூலியை இழத்தல் வேண்டும். அறுவை இலவசமே, வழிச் செலவும் உணவும் இழந்த கூலியும் இலவசமல்ல. ‘எனக்கென்ன, எப்படியோ தடவிக்கொண்டு போகிறேன்’ என்று அத்தாய் கூறும் சொல்லை நம்மில் கேளாதவர் யார்? அதனைப் பொறுமையென நாம் புகழ்கிறோம். அது வேறு வழியின்மை.

கண் முகாம்கள் இல்லாமற் போகவில்லை. கருநாடகத்தின் டாக்டர் எம். சி. மோதி (1916–2005) ஊர் ஊராகச் சென்று, ஒரே நாளில் எண்ணூறுக்கு மேற்பட்ட கண்புரை அறுவைகளைச் செய்தவர். அப்பெருந்தகையின் தொண்டைக் குறைத்துரைப்பது நன்றிகோறல். எனினும் முகாம் வரும், போகும். முகாம் சென்ற மறுவாரம் கண் சிவந்தால் யாரிடம் காட்டுவது? நாற்பது வயதில் வெள்ளெழுத்து வந்து ஊசியில் நூல் கோக்க இயலாத தையற்காரி அடுத்த முகாமுக்காக எத்தனை மாதம் காத்திருப்பது?

இவ்விடத்தே மதுரையை நோக்குதல் தகும். எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்தவர் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் அறுவைக் கத்தியைப் பிடிக்கத் தம்மைப் பழக்கிக்கொண்டவர். அரசுப் பணியினின்று ஓய்வு பெற்ற 1976-இல், பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 2006-இல் அவர் மறைவதற்குள் அது உலகறிந்த நிறுவனமாயிற்று. அவர் செய்த பெருஞ்செயல் யாதெனின், பலரும் அறுவைகளின் எண்ணிக்கையைக் கூறுவர். நான் கூற விரும்புவது வேறு. பள்ளிப்படிப்பை முடித்த சிற்றூர்ப் பெண்களைத் தேர்ந்து, இரண்டாண்டுப் பயிற்சியளித்து, கண் மருத்துவத்தின் பெரும்பகுதி வேலையை அவர்கள் கையில் தந்தார். பார்வை அளப்பது, கண்ணாடிக்குரிய பவரைக் குறிப்பது, நோயாளியின் அச்சத்தைப் போக்கிப் பேசுவது, அறுவைக்கு ஆயத்தம் செய்வது எல்லாம் அவர்களே. ஒரு மேசையில் அறுவை நிகழும்போதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளியை ஆயத்தப்படுத்திவிடுவர். மருத்துவர் தாம் மட்டுமே செய்யக்கூடியதைச் செய்வார். அதனால் அங்குள்ள மருத்துவர் ஒருவர் ஆண்டில் செய்யும் அறுவைகள் நாட்டின் சராசரியைப் போலப் பன்மடங்காயின.

1992-இல் அவர்கள் நிறுவிய ஆரோலேப், கண்ணுள் பொருத்தும் வில்லையை வெளிநாட்டு வில்லையின் விலையில் சிறு பகுதிக்குச் செய்து தந்தது. 2004 முதல் சிற்றூர்களில் பார்வை மையங்கள் எழுந்தன. அங்கே பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண் சோதிப்பாள். தொலைவிலுள்ள மருத்துவர் கணினித் திரையில் நோயாளியுடன் பேசி முடிவு கூறுவார்.

இனி மறுப்பாளர் கூற்றைக் கேட்போம். ‘செல்வர்க்கு மருத்துவர், ஏழைக்கு அரைகுறைப் பயிற்சியாளரா?’ என்பர். நேர்மையான கேள்வி. இதற்கு விடை அப்பெண் யாருடைய படுக்கையருகே நிற்கிறாள் என்பதைப் பொறுத்தது. இலவசப் பிரிவில் மட்டும் அவள் நின்றால் மறுப்பாளர் கூறுவது மெய். அரவிந்தில் கட்டணம் செலுத்துவோர் கண்ணையும் அவளே அளக்கிறாள். செல்வன் தன் கண்ணை எக்கையில் ஒப்படைக்கிறானோ, அதே கை ஏழைக்கும் கிட்டுமாயின் அது இரண்டாந்தரம் ஆகாது.

கண்ணப்பர் வரலாற்றை நாம் அன்பின் எல்லையாகப் போற்றுகிறோம். ஆகமம் அறியாத வேடர், காளத்தியில் இறைவன் கண்ணில் குருதி கண்டு, முதலில் பச்சிலை தேடினார். பயனின்மையால் தம் கண்ணையே அகழ்ந்து அப்பினார். எனக்கு அவ்வரலாற்றில் பச்சிலை தேடிய பகுதியே நெஞ்சைத் தொடுவது. அவ்வேளை அவர்க்கு அன்பு குறைவில்லை, வழி தெரியவில்லை. நம் ஊர்களில் அன்பு நிறைந்த கைகள் பல உள. புண்பட்ட கண்ணில் தாய்ப்பாலையும் இலைச்சாற்றையும் பிழிந்து பார்வையைப் போக்கியவையும் அன்புடைய கைகளே. அவற்றிற்குக் கற்பிப்பது நம் கடன்.

வெள்ளெழுத்து போன்ற எளிய குறைக்கு இக்கற்பித்தல் எத்துணைப் பயன் தரும் என்பதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டா. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயது கடந்த தொழிலாளர்க்குக் கிட்டப்பார்வைக் கண்ணாடி தந்து செய்த ஆய்வு 2018-இல் வெளியாயிற்று. கண்ணாடி பெற்றோர் ஏனையோரினும் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக இலை பறித்தனர். வங்காளதேசத்தில் நடந்த ஆய்வொன்றின் முடிவு 2024-இல் வந்தது. கண்ணாடி பெற்றோர் வருவாய் மூன்றில் ஒரு பங்கு உயர்ந்தது. கண்ணாடியோ மிக எளிய விலையினது. உலகில் வெள்ளெழுத்துக்கு உரிய தீர்வின்றி இருப்போர் 82 கோடிக்கு மேற்பட்டோர் என 2019-இல் உலக சுகாதார நிறுவனம் கணித்தது.

இவ்வழியில் எவ்வளவு தொலைவு செல்லலாம்? கென்யா, மலாவி, தான்சானியா நாடுகளில், மருத்துவப் பட்டமில்லாத பணியாளர்க்குக் கண்புரை அறுவையே கற்பித்தனர். கண் மருத்துவர் மிகச் சிலரே இருந்த நிலை அவ்வாறு செய்வித்தது. நம் நாட்டில் அறுவை மருத்துவர்க்கே உரியது. அவ்வரம்பு இங்கே சரியென்றே கருதுகிறேன். அறுவை செய்வார் நூறு கிலோமீட்டரில் உளர். அவரிடம் யாரை, எப்போது அனுப்புவது என்று கூறுவார்தாம் ஊரில் இல்லை. கண் நீர் அழுத்த நோய் வலியின்றிப் பார்வையைத் திருடுவது. நீரிழிவால் விழித்திரை கெடுவதும் அத்தகையதே. இவற்றை ஐயுற்று அனுப்பும் கண் ஒன்று ஆண்டர்சன்பேட்டையில் இருந்தால் போதும்.

இன்னுமொன்று கூறாது விடுதல் ஆகாது. மலிவு யாருடைய மடியிலிருந்து எடுக்கப்படுகிறது? சிற்றூர்ப் பெண் பணிவுடையவள், குறைந்த கூலிக்கு இசைவாள் என்பதனால் சிகிச்சை மலிகிறதாயின், அது பழைய சுரங்கக் கணக்கே. வேலையைப் பகுத்ததாலும் வில்லையை இங்கேயே செய்ததாலும் மலிந்தால் அது நேரிய மலிவு. ஆதலின் நம் ஊரில் இத்தகைய மையம் அமைப்போர், நாள்தோறும் பெங்களூர் இரயிலேறும் பெண்ணுக்கு அங்குக் கிட்டும் ஊதியத்திற்குக் குறையாமல் இங்கே தருதல் வேண்டும். மேலும் படித்து உயர வழியும் வைத்தல் வேண்டும். இல்லையேல் பயிற்சி முடித்த மறுமாதமே அவளும் அதே இரயிலில் ஏறிவிடுவாள்; அதற்காக அவளைக் குறைகூற நமக்கு உரிமையில்லை.