ஞானத்திற்குக் குறுக்கே நில்லாதீர்





தென்பெண்ணையாற்றங்கரையில், கரும்பு வயல்களும் சர்க்கரை ஆலையும் சூழ்ந்த மூங்கில்துறைப்பட்டில் முதுமைக் காலத்தைக் கழித்துவரும் யான், முப்பதாண்டுகளுக்கு மேல் ஆசிரியப் பணி புரிந்தவள். பிறருக்குக் கல்வி வழங்கியதே என் வாழ்வின் புண்ணியம் என நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தில் இருந்த பிழை அண்மையில்தான் எனக்குப் புலப்பட்டது. குற்றத்தை மறைத்தல் அதனை இரட்டிப்பாக்கும் ஆதலின், உங்கள் முன் வைக்கிறேன்.

ஆன்மாவின் அறிவை மறைக்கும் வினை ஞானாவரணீயம் எனப்படும். அவ்வினை வந்து சேர்வதற்கான காரணங்கள் ஆறினைத் தத்துவார்த்த சூத்திரம் எண்ணிக் கூறுகின்றது. ஞானத்தை வெறுத்தல், அறிந்ததை மறைத்தல், பிறர் அறிவதில் பொறாமை கொள்ளுதல், கல்விக்கு இடையூறு செய்தல், ஞானத்தை மதியாது தடுத்தல், மெய்யறிவைப் பழித்தல் என்பன அவை. இவற்றுள் நான்காவதாகிய இடையூறு, அதாவது அந்தராயம், நம் இல்லங்களில் மிக எளிதாக நிகழ்கின்றது. வாளெடுத்துச் செய்யும் குற்றமன்று அது. ஒரு சொல்லே போதும்.

பல ஆண்டுகளுக்கு முன், என் மாணவன் ஒருவனின் தாய், அஞ்சல் வழியில் பி.ஏ. படிப்பதற்கான விண்ணப்பத்துடன் என்னிடம் வந்து யோசனை கேட்டார். “முதலில் பிள்ளையைப் படிக்க வையம்மா, உனக்கு இனி எதற்கு?” என்றேன். அவர் மறுமொழி கூறவில்லை. தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். அச்சொல்லை நானும் மறந்துவிட்டேன்.

சென்ற ஆண்டு, நாற்பது வயதைக் கடந்த என் மருமகள், “அத்தை, நான் இணையவழியில் பட்டம் படிக்கலாமென்று இருக்கிறேன்” என்றாள். பன்னிரண்டாம் வகுப்பு தேறியதும் மணமாகிப் படிப்பை நிறுத்தியவள் அவள். அதே பழைய சொல் என் நாவின் நுனிக்கு வந்தது. அப்பொழுதுதான் மடித்த அந்தத் தாள் என் நினைவில் விரிந்தது.

அன்பர்களே, ஜீவனின் இலக்கணம் உபயோகம், அதாவது அறிதலும் காண்டலும் ஆகும். மூப்பு உடலுக்கு உரியது, உடலோ புத்கலம். நரைத்தது தலைமயிரேயன்றி அறியும் தன்மையன்று. அவ்வாறாயின், “இந்த வயதில் படிப்பா?” என்று கேட்பவர், உடலின் இயல்பை ஆன்மாவின் மேல் ஏற்றிப் பேசுகின்றார் என்பதே பொருள்.

நம் ஆகமம் நமக்குக் கிடைத்ததும் முதிர்ந்தோர் கற்றமையால் அன்றோ? கிர்நார் மலைக் குகையில் வாழ்ந்த தரசேனாசாரியர், தம் முதுமையில், தம்மோடு ஸ்ருதஞானம் மறைந்துவிடுமோ என்று கவலையுற்று, தென்னாட்டு முனிவர்களுக்கு ஓர் ஓலை விடுத்தார். அவ்வோலையின் பயனாகத் துறவிகள் இருவர் நெடுவழி நடந்து சென்றனர். ஆசாரியர் அவர்களைச் சோதிக்கும் பொருட்டு, ஒருவருக்கு எழுத்து மிகுந்த மந்திரத்தையும் மற்றவருக்கு எழுத்துக் குறைந்த மந்திரத்தையும் அளித்தார். தோன்றிய தேவதைகளின் உருவம் குறைபட்டிருக்கக் கண்டு, தாமே பிழையறிந்து திருத்தினர். அதன் பின்னரே பாடம் தொடங்கிற்று. அவர்களே புஷ்பதந்தரும் பூதபலியும். அவர்கள் இயற்றியதே ஷட்கண்டாகமம். அந்நூல் நிறைவுற்ற நாளையே ஸ்ருத பஞ்சமியாகப் போற்றுகின்றோம். தொலைவிலிருந்து வந்த ஓர் ஓலையும், வளர்ந்தோர் இருவரின் வேட்கையும் இல்லையேல் நமக்கு அப்பெருஞ்செல்வம் ஏது?

இக்காலத்தும் ஓலை வழிக் கல்வி தொடர்ந்தே வந்துள்ளது. 1962இல் டெல்லிப் பல்கலைக்கழகமும், 1971இல் மதுரைப் பல்கலைக்கழகமும் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கின. 1985இல் இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தோன்றின. முழுப் பட்டத்தையும் இணையவழியில் வழங்குதற்கான விதிகளைப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வகுத்து, 2020இல் தொலைநிலைக் கல்வி விதிகளோடு ஒன்றாக்கியது. முறையான ஏற்பு பெற்ற நிறுவனம் இவ்வழியில் அளிக்கும் பட்டம், நேரில் பயின்ற பட்டத்திற்கு நிகரானது. கல்லூரிக்காகத் திருவண்ணாமலைக்கோ கள்ளக்குறிச்சிக்கோ பேருந்தில் சென்று திரும்ப இயலாத நம்மூர்ப் பெண்களுக்கு இது பெரும் வாய்ப்பாகும்.

ஆயினும் ஆராயாது இறங்குதல் தகாது. சேரவிருக்கும் பல்கலைக்கழகமும், அப்பாடமும், அவ்வாண்டிற்கு மானியக் குழுவின் பட்டியலில் உள்ளனவா எனப் பணம் கட்டுமுன் பார்த்தல் வேண்டும். மருத்துவம், பொறியியல் போன்றவற்றை இவ்வழியில் பயில அனுமதி இல்லை. “எழுதாமலே பட்டம்” என்று ஆசை காட்டுவோரை அணுகவும் கூடாது. ஒப்படைவுகளைப் பிறரை எழுதச் சொல்லித் தம் பெயரில் அனுப்புதலும் பொய்யாமை, கள்ளாமை என்னும் இரு அணுவிரதங்களுக்கும் ஊறு செய்வதே. குறைந்த எழுத்தைத் தாமே கண்டு திருத்திய அம்முனிவர்களை நினைவில் கொள்க.

“நேரம் ஏது?” என்பீர்கள். பொழுது சாயுமுன் உண்ணும் நம் குல ஒழுக்கம் இங்கே துணை நிற்கின்றது. பிற இல்லங்களில் அடுப்பெரியும் வேளையில் நம் அடுக்களை ஓய்ந்திருக்கும். சாமாயிகத்திற்கு ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடங்கள் ஒதுக்குகின்றோம். அதன்பின் பாடத்திற்கு மற்றொரு முகூர்த்தம் ஒதுக்கலாகாதா? வாசித்தல், ஐயம் வினவுதல், சிந்தித்தல், மீண்டும் ஓதுதல், பிறர்க்கு உரைத்தல் என ஸ்வாத்யாயத்திற்கு ஐந்து உறுப்புகளை நம் ஆசாரியர்கள் வகுத்தனர். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் யான் கற்ற கற்பித்தல் முறைகளுள் இதனினும் சிறந்த ஒன்றைக் கண்டதில்லை.

பட்டம் வீடுபேறு தாராது. நற்காட்சியும் நல்லொழுக்கமும் உடன் வாராத கல்வி சுமையே. எனினும் ஒருவர் அறிய விரும்பும்போது வழிவிடுதல் அறமாகும். ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள் சாஸ்திர தானம் நூலை வாங்கிக் கொடுப்பதோடு முடிவதன்று. அதனைப் படிக்க ஒரு வேளையை விட்டுக்கொடுத்தலும் அதன் பாற்படும் என்பது என் எண்ணம்.

இப்பொழுது எங்கள் இல்லத்தில் மாலைப் பாத்திரங்களை நான் துலக்குகின்றேன். கூடத்தில் செல்பேசியை நிறுத்தி வைத்து மருமகள் பாடம் கேட்கின்றாள். முதற் பருவத்தில் ஒரு தாள் தவறிற்று, மீண்டும் எழுதுகின்றாள். தாளை மடித்துச் சென்ற அத்தாயை நான் மீண்டும் காணவில்லை. நாள்தோறும் பிரதிக்கிரமணத்தில் அவரிடம் மன்னிப்பு வேண்டுகின்றேன். உங்கள் இல்லத்திலும் ஒருவர் அத்தகைய தாளோடு நிற்கக்கூடும். அவர் அதனை மடிக்குமுன் கையெழுத்திடுங்கள்.

ஜினவாணி வெல்க! அறம் வளர்க!