மீகாமன் மறுத்தால்

பயிற்சிக் கல்லூரியில் என்னுடன் பயின்ற நண்பர் சிலர், ஆண்டிறுதி விடுமுறையில் லங்காவியில் ஒன்றுகூட முடிவு செய்தனர். ஒரு நாள் முழுவதற்கும் ஒரு படகைத் தனியாக அமர்த்திக்கொண்டு, கரையோரமாகத் தீவுகளைச் சுற்றிவருவது திட்டம். படகு என்றது, இரண்டு உடல்களை ஒரு மேடையால் இணைத்த இக்காலத்துப் படகினை. 'கேட்டமரான்' என்று எல்லாரும் அழைப்பது. திட்டத்தைத் தாளில் எழுதும் பொறுப்பு, தலைமையாசிரியன் என்ற காரணத்தால் என் தலையில் விழுந்தது. எத்தனை பேர், அவருள் குழந்தைகள் எத்தனை பேர், அவர்கள் அளவுக்கு மிதவைச் சட்டைகள் உண்டா, டாயாங் புந்திங் தீவின் நன்னீர் ஏரியில் எவ்வளவு நேரம் தங்குவது, சைவ உணவை யார் கொணர்வது, முன்பணம் எத்தனை வெள்ளி என்று எல்லாம் எழுதி முடித்தேன். மீண்டும் படித்துப் பார்த்தபொழுது ஒன்று விடுபட்டிருப்பது தெரிந்தது. அன்று காலையில் படகை ஓட்டுபவர், 'இன்று வேண்டாம்' என்று சொன்னால் என் செய்வது?

நண்பர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். "டிசம்பரில் கிழக்குக் கரைதானே கொந்தளிக்கும்? லங்காவிப் பக்கம் கடல் அமைதியாக இருக்கும். மேலும், முழுப் பணமும் கொடுத்த பிறகு அவர் எப்படி வேண்டாம் என்பார்?" என்றார். அவர் முதலிற் கூறியது பெரும்பாலும் உண்மை. பின்னர்க் கூறியதுதான் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை. அதே சொல்லை நானும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆகஸ்டு விடுமுறையில், 22 மாணாக்கரைப் பங்கோர் தீவுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். தீவைப் படகில் சுற்றிவருவது நிகழ்ச்சி நிரலில் இருந்தது. காலையில் மேற்கு வானம் கறுத்திருந்தது. படகோட்டி வயது முதிர்ந்த மலாய்க்காரர். நீரைப் பார்த்தார், வானைப் பார்த்தார். "சிக்கு, சற்றுப் பொறுக்கலாம். நாளைக்கென்றால் இன்னும் நல்லது" என்றார். மறுநாள் நாங்கள் ஊர் திரும்பியாக வேண்டும். பெற்றோர் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கொடுத்த பணம் அது. பிள்ளைகளோ மிதவைச் சட்டையை அணிந்துகொண்டு வரிசையில் நின்றனர். "பணம் கொடுத்தாயிற்றே, பாக்சிக்" என்றேன். அவர் மறுமொழி கூறவில்லை. இயந்திரத்தை முடுக்கினார்.

அரைமணி நேரத்திற்குள் 'சுமத்திரா' வந்துவிட்டது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியற்காலையிலோ காலையிலோ, மலாக்கா நீரிணையைக் கடந்து வந்து நம் மேற்குக் கரையைத் தாக்கும் காற்றுமழைக்கு அப்பெயர். அலை படகுக்குள் விழுந்தது. பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்த பாட்டு நின்றது. நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி என் கையைப் பற்றிக்கொண்டு, "ஐயா, திரும்பிப் போயிடுவோமா?" என்று கேட்டாள். அக்கேள்விக்கு என்னிடம் விடையில்லை. விடையை வைத்திருந்தவரை நான் கரையிலேயே வாயடைத்துவிட்டேன். அவர் படகைத் தீவின் மறைவில் ஒதுக்கி, காற்று அடங்கும்வரை நிறுத்தி, எல்லாரையும் கரை சேர்த்தார். 'பயணம் இனிதே நடந்தேறியது' என்று அறிக்கை எழுதினேன். பெற்றோர் எனக்கு நன்றி கூறினர்.

தீங்கு நேராததால் தவறு தவறில்லை என்று ஆகிவிடுமா? அன்று ஒரு பிள்ளை கடலில் விழுந்திருந்தால் ஊரே என்னைப் பழித்திருக்கும். விழாததால் நான் நல்லாசிரியன். இரண்டிலும் என் செயல் ஒன்றே. வேறுபட்டது அலையின் போக்கு மட்டுமே. பெர்னார்டு வில்லியம்சு, தாமசு நேகல் என்னும் மெய்யியலறிஞர் இருவரும் 1976ஆம் ஆண்டில் இச்சிக்கலை எடுத்து ஆராய்ந்தனர். நம் ஆளுகைக்கு உட்படாத ஒன்று, நம் ஒழுக்கத்தின் மதிப்பை எவ்வாறு தீர்மானிக்கலாம் என்பதே அவர்கள் எழுப்பிய வினா. ஊழைப் பற்றித் தமிழர் நெடுங்காலம் சிந்தித்தவர்கள். நமக்கு இது புதிய வினா அன்று. ஆயினும், 'நல்லூழ், தப்பினோம்' என்று கூறிக் கணக்கை முடித்துக்கொள்வதில் ஒரு வசதி இருக்கிறது. அந்த வசதியை நானே பல ஆண்டுகள் துய்த்திருக்கிறேன்.

பிளேட்டோவின் 'கார்கியாசு' என்னும் உரையாடலில் ஒரு மீகாமன் வருகிறான். எகிப்திலிருந்து ஒரு குடும்பத்தையும் அதன் உடைமைகளையும் காப்பாற்றிக் கொணர்ந்து, அதற்கு இரண்டு திராக்மா மட்டுமே பெற்றுக்கொண்டு, கரையில் தன் கப்பலருகே அடக்கமாக உலவுகிறான். உயிர் பிழைத்ததனால் பயணிகளில் யார் நன்மை பெற்றார், யார் தீமை பெற்றார் என்று தனக்குத் தெரியாது என்பது அவன் எண்ணம். பிளேட்டோ அங்கே சொல்ல வந்தது வேறு. என் மனம் நின்றது அந்த இரண்டு திராக்மாவில். அக்கூலியால் வாங்கப்பட்டது எது? அவன் உழைப்பா, அவன் அறிவா, அவன் கீழ்ப்படிதலா?

இவ்விடத்தில் நம் சொல் ஒன்று துணை செய்கிறது. 'கேட்டமரான்' என்பது நம் கட்டுமரமே. ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைக் குறிப்பிட்டுள்ளார். பெயர்தான் நம்முடையது, இன்றைய இரட்டை உடற்படகின் அமைப்பு பசிபிக் தீவினரின் படகுகளை ஒத்தது. (இதையும் நம் கண்டுபிடிப்பு என்று மேடைகளில் முழங்குவோர் சற்றுப் பொறுத்தருள்க.) நான் கருதுவது வேறு. மரங்களைக் கயிற்றால் பிணைத்துக் கடலில் இறங்கிய மீனவன், காற்றின் திசையையும் நீரின் நிறத்தையும் பார்த்தான். வேண்டாமெனத் தோன்றினால் போகாதிருந்தான். மரங்கள் கரையில் காய்ந்துகிடந்தன. முடிவு செய்தவனும் அவனே, அலைக்குத் தலைகொடுத்தவனும் அவனே, அன்று பட்டினி கிடந்தவனும் அவனே. வாடகைப் படகில் இம்மூவரும் பிரிந்துவிடுகின்றனர். பணம் கொடுத்தவன் ஒருவன். கடலை அறிந்தவன் ஒருவன். படகின் உடைமையாளன் வேறொருவன். போதாக்குறைக்கு, இரட்டை உடற்படகு அகலமானது. எளிதில் சாய்ந்து காட்டாது. ஆபத்து நெருங்கும்வரை பயணிக்கு அது நடுக்கூடம் போலவே தோன்றும். கவிழ்ந்துவிட்டாலோ, தானே நிமிராது.

சட்டம் இதை அறியாமலில்லை. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான 1974ஆம் ஆண்டுப் பன்னாட்டு உடன்படிக்கை, பிற்காலத் திருத்தங்களுடன், தெளிவாகவே கூறுகிறது: உயிர்ப் பாதுகாப்புக்குத் தேவையென மீகாமன் கருதும் முடிவை உடைமையாளரும் தடுக்கலாகாது, வாடகைக்கு எடுத்தவரும் தடுக்கலாகாது. ஆயினும் 2018 சூலை 5ஆம் நாள், கடல் கொந்தளிப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தும், பூக்கெட் அருகே சுற்றுலாப் படகுகள் கடலில் இருந்தன. ஒரு படகு மூழ்கி 47 பேர் மாண்டனர்.

மறுக்கும் உரிமை ஏட்டில் இருக்கிறது. மறுத்தால் மாலையில் அரிசிக்கு வழியில்லை என்னும் நிலையில் அவ்வுரிமைக்கு என்ன பொருள்? பங்கோர் முதியவர் என் சொல்லுக்கு அஞ்சியவர் அல்லர். வாங்கிய பணத்தைத் திருப்பித் தர இயலாதவராக இருந்திருக்கலாம். அவருடைய அறிவை நான் விலைக்கு வாங்கவில்லை. அதைப் பேசவிடாமல் இருக்க விலை கொடுத்தேன்.

ஆகவே, திட்டத் தாளில் ஒரு வரி சேர்த்தேன்: 'ஓட்டுபவர் வேண்டாமென்றால் காரணம் கேட்காமல் கரையிலேயே தங்குவோம், அவருடைய நாட்கூலியைக் கொடுத்துவிடுவோம்.' நண்பர் உடன்படவில்லை. வேலை செய்யாமலே கூலி கிடைக்குமென்றால் நாள்தோறும் வேண்டாமென்பாரே என்றார். இடிமின்னல் கண்டு விளையாட்டுப் போட்டியை நான் பலமுறை ஒத்திவைத்திருக்கிறேன். அதற்காக எவரும் என் சம்பளத்தைப் பிடித்ததில்லை, சோம்பேறி என்றதுமில்லை. மாதச் சம்பளக்காரனுக்கு முன்னெச்சரிக்கை நற்பண்பு. நாட்கூலிக்காரனுக்கு மட்டும் அது தந்திரமா? இதைச் சொன்னதும் நண்பர் சிரித்தார். ஆனால், பாதிக்கூலி போதும் என்பதில் உறுதியாக நின்றார்.

நான் லங்காவிக்குத் தொலைபேசியில் அழைத்து, படகை ஓட்டுபவரிடமே அவ்வரியை மலாயில் படித்துக் காட்டினேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "டீசல் எரியாதே, சிக்கு. அந்தக் காசை உடைமையாளரிடம் திருப்பிக் கேளுங்கள். எனக்கு என் கூலி போதும்" என்றார். எவ்வளவு என்றும் சொன்னார்.

நண்பர் நினைத்திருந்த பாதியைவிட அது குறைவாகவே இருந்தது.