கோடரியும் உறுதியும்

"மனிதன் காட்டை அழித்தான்" என்ற வாக்கியத்தைப் பாடநூல்களிலே அடிக்கடி காண்கிறோம். இலக்கணத்தில் அதற்குக் குறையில்லை. எழுவாய் உண்டு, பயனிலையும் உண்டு. ஆனால் அந்த எழுவாய் யார்? காட்டை வெட்டியவனா, வெட்டக் கூலி கொடுத்தவனா, வெட்டுதற்கு உரிமை எழுதிக் கொடுத்தவனா? மூவரையும் "மனிதன்" என்ற ஒரே போர்வையால் மூடிவிட்டால் குற்றம் எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்பட்டு, முடிவில் எவருக்கும் இல்லாமற் போகிறது.

நமது மலைநாட்டையே பார்ப்போம். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உறுதி காட்டி உரிமை நிறுவப்படாத காடும் தரிசும் முடிக்குரியனவெனக் கொள்ளப்படும் என்றது. தலைமுறை தலைமுறையாகக் காட்டிலே விறகும் மேய்ச்சலும் சேனையும் கண்ட கிராமத்தவனிடம் உறுதி ஏது? அவனுடைய உறுதி வழக்கம்; வழக்கத்தைக் கச்சேரியிலே காட்ட முடியாது. அக்காலத்தில் ஏக்கர் ஐந்து சிலிங் விலைக்குக் காடு கைமாறியது. வாங்கியோருள் அரசாங்கத்தின் உயர் அதிகாரிகளும் இருந்தனர் என்பது சரித்திரம்.

காடு வீழ்த்தப்பட்ட முறையை அறிந்தால் நெஞ்சு நடுங்கும். சரிவின் அடியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு மரத்தையும் அரைவாசி வெட்டி நிறுத்துவர். உச்சியில் நிற்கும் பெருமரங்களை முழுவதும் வெட்டியதும் அவை கீழுள்ளவற்றின்மேற் சாயும். அவை தமக்குக் கீழுள்ளவற்றை வீழ்த்தும். ஒரு மலைச்சரிவே பேரிரைச்சலுடன் சில கணங்களில் மொட்டையாகும். பின்னர் தீ. கோடரி பிடித்தோர் பெரும்பாலும் ஒப்பந்தத்துக்கு வந்த சிங்களக் கிராமத்தவர். சாம்பலிலே கோப்பி நட்டுக் கொய்தோர் கடல் கடந்து வந்த தமிழ்க் கூலிகள். இலாபம் இவ்விரு கூட்டத்தாரையும் அடையவில்லை.

1869இல் கோப்பியிலே இலைநோய் கண்டது. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி வீழ்ந்தது. காடு திரும்பியதா? இல்லை, தேயிலை வந்தது. புல்பூண்டில்லாமல் நிலத்தைச் சுரண்டி வைப்பதே நல்ல தோட்டத்தின் அடையாளமெனத் துரைமார் கருதினர். மூடுவதற்கு ஒரு தழையுமற்ற மேல்மண் மழையோடு ஆற்றுக்குப் போயிற்று. 1873இல் தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கர் ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காடுகளைத் தொடவேண்டாமென எச்சரித்தார். உச்சியிலே இன்று எஞ்சிய காடுகளிற் பல அதனால் எஞ்சியவை. ஆனால் அதிகாரிகளின் அறிக்கைகளில் காட்டின் பகைவனாகக் காட்டப்பட்டவன் யார்? சேனை வெட்டியவன்! தரிசிடும் காலம் குறுகினால் சேனையும் நிலத்தைக் கெடுக்கும் என்பது உண்மையே. அக்காலம் குறுகியது அவன் நிலம் சுருக்கப்பட்டதாலுமன்றோ?

பொறுப்பை எந்தக் கோலால் அளப்பது? மறுக்கும் ஆற்றல் எவனுக்கு எவ்வளவு இருந்தது என்பதே என் கோல். பட்டினியோடு வந்தவன் கோடரியை மறுத்தால் அன்றைய கஞ்சியை இழப்பான். காணி வாங்கியவன் மறுத்திருந்தால் ஓர் இலாபத்தை மாத்திரம் இழந்திருப்பான்.

எனினும் இக்கோல் நம் பக்கமும் திரும்பும். 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. சரிவுகள் சரிவுகளாகவே இருந்தன. உலர் வலயத்திலே குடியேற்றத்துக்கும், 1977க்குப் பின்னர் துரிதப்படுத்தப்பட்ட மகாவலித் திட்டத்துக்கும் பெருங்காடுகளை வெட்டியது நமது சொந்த அரசாங்கமே. அங்கே காணியற்றவனுக்கு வயல் கிடைத்தது. அதை இகழ எனக்கு மனமில்லை. ஆயினும் யானையின் வழியிலே குடியமர்த்தப்பட்ட ஏழை இன்றும் இரவிலே விழித்திருக்கிறான். திட்டம் வரைந்தவன் உறங்குகிறான்.

2014 அக்டோபர் 29 காலை கொஸ்லந்தையிலே மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள்மீது மலை சரிந்தது. காடு நீங்கியதே காரணமென்று கூறிவிட முடியாது. பெருமழையும் மண்ணின் அமைப்பும் உண்டு. அபாயமான இடமென்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. "எச்சரித்தும் ஏன் போகவில்லை?" என்று கொழும்பிலே சிலர் கேட்டனர். அம்மக்களின் முன்னோர் அந்தச் சரிவிலே நடுவதற்காகவே கொண்டுவரப்பட்டனர். 1948இன் சட்டம் அவர்கள் இனத்தாரிற் பெரும்பாலாரைக் குடியுரிமையற்றோராக்கியது. லயம் நின்ற நிலத்துக்கு அவர்களிடம் உறுதி இருக்கவில்லை. போய்க் குடியேற வேறொரு துண்டு நிலத்துக்கும் இருக்கவில்லை.