எழுத்தாளரைக் காப்பதா, குழந்தையைக் காப்பதா?

நத்தார் விடுமுறை தொடங்கியதும் ரொறொன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில், மோர்னிங்சைட் தமிழர் வீடுகளில் இலக்கியப் பேச்சு களைகட்டிவிடும். ஆண்டு முழுவதும் இரண்டு வேலை, இரவு வேலை என்று ஓடியவர்களுக்கு நாலு நாள் ஓய்வு கிடைக்கிறது. வெளியே பனி, உள்ளே தேநீரும் வடையும் அந்த ஆண்டு வாசித்த நூல்களும். 2024 முடிந்த நாள்களில் பேச்சு எங்கே தொடங்கினாலும் அலிஸ் மன்றோவிடம் வந்து நின்றுவிட்டது.

கனடாவில் ஒன்ராறியோவின் சின்ன ஊர்களை உலகம் முழுவதும் வாசிக்க வைத்த எழுத்தாளர் அவர். 2013இல் நோபல் பரிசு பெற்றார். 2024 மே 13ஆம் திகதி 92 வயதில் காலமானார். அஞ்சலிக் கட்டுரைகள் ஓய்வதற்குள், ஜூலை 7ஆம் திகதி, அவருடைய இளைய மகள் அன்ட்ரியா றொபின் ஸ்கின்னர் ‘ரொறொன்ரோ ஸ்டார்’ நாளிதழில் தன் வாழ்க்கையை எழுதினார். 1976இல், ஒன்பது வயதில், கோடை விடுமுறைக்குத் தாயிடம் போன இடத்தில், தாயின் இரண்டாவது கணவர் ஜெரால்ட் ஃபிரெம்லின் அவரைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினார். சிறுமியின் தகப்பனுக்கு விரைவிலேயே தெரிந்தது. அவர் தாயிடம் சொல்லவில்லை. 1992இல் மகளே தாய்க்குக் கடிதம் எழுதினார். மன்றோ சில மாதங்கள் கணவரைப் பிரிந்திருந்தார். பிறகு அவரிடமே திரும்பிப் போனார். 2005இல் ஃபிரெம்லின் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவர் சிறைக்குப் போகவில்லை. இரண்டு ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்போடு விட்டுவிட்டார்கள்.

தாய் செய்தது தாய்க்கும் மகளுக்கும் இடையில் உள்ள கணக்கு. அதைத் தீர்க்க வெளியாருக்கு உரிமை குறைவு. ஆனால் நண்பர்கள்? 2005இல் மன்றோவின் வாழ்க்கை வரலாறு அச்சுக்குப் போகும் நேரத்தில் அன்ட்ரியா அதன் ஆசிரியர் ராபர்ட் தாக்கருக்கு நடந்ததை எழுதினார். நூலில் அதைப் பற்றி ஒரு வரிகூட வரவில்லை. அது குடும்ப விடயம் என்பது அவர் பின்னர் சொன்ன விளக்கம். பதிப்பாளர் தரப்பிலும் அறிந்தவர் இருந்தனர். வழக்கு நடந்தது, தீர்ப்பு வந்தது, எட்டு ஆண்டு கழித்து நோபல் பரிசும் வந்தது. அறிந்தவர்கள் வாய் திறக்கவில்லை. இது நட்பின் பெயரால் நடந்த அநீதி. எழுத்தாளரின் புகழுக்கும் ஒரு குழந்தையின் நியாயத்துக்கும் இடையில் நிற்க நேர்ந்தால், நண்பர் நிற்கவேண்டிய இடம் குழந்தையின் பக்கம்தான்.

நம் முன்னோர் இதில் தடுமாறியதில்லை. கூடிச் சிரிப்பதற்காக மட்டும் நட்புக் கொள்வதை வள்ளுவர் ஏற்கவில்லை. எல்லை மீறும்போது முந்திப்போய்க் கண்டிப்பவரையே அவர் நண்பர் என்கிறார். ‘நட்பாராய்தல்’ அதிகாரத்தில், அழும்படி எடுத்துச் சொல்லக்கூடியவரைத் தேடிப்பிடித்து உறவு கொள்ளச் சொல்கிறார். ‘பெரியாரைத் துணைக்கோடல்’ அதிகாரத்தில் இன்னும் கடுமை: கண்டிக்க ஆளில்லாத மன்னன் பகைவர் இல்லாமலே கெட்டுப்போவான். மன்னனுக்குச் சொன்னது புகழின் உச்சியில் இருக்கும் படைப்பாளிக்குப் பொருந்தாதா?

புறநானூற்றில் பேகன் வருகிறான். மயிலுக்குப் போர்வை கொடுத்த வள்ளல். புலவர்கள் அவன் கொடையில் வாழ்ந்தவர்கள். அவன் மனைவி கண்ணகியைக் கைவிட்டு வேறொருத்தியிடம் போனபோது கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வரும் அவனை நேருக்கு நேர் கேட்டார்கள். பரணர், வழியில் கண்ட ஒரு பெண்ணின் கண்ணீரை அவன் முன்னால் கொண்டுவந்து வைக்கிறார்: நீ யார், அவனுக்கு உறவா என்று கேட்டதும் விரலால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உறவில்லை என்கிறாள் அந்த மனைவி. பரிசில் தர வந்த பேகனிடம் அரிசில்கிழார் பொன் வேண்டாம், மனைவியிடம் போ என்கிறார். இவர்களில் எவரும் இதைக் குடும்ப விடயம் என்று ஒதுக்கவில்லை. சோறு போட்டவனைப் பகைத்துக்கொள்ளும் துணிவு அவர்களுக்கு இருந்தது.

இன்னொரு புறநானூற்றுப் புலவர் கோவூர்கிழாரை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்கமுடியாது. குறுநில மன்னன் மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இட்டுக் கொல்லச் சோழன் கிள்ளிவளவன் ஆயத்தமாகிறான். பிள்ளைகளுக்கு நடக்கப்போவது விளங்கவில்லை. யானையைக் கண்டதில் அழுகையை மறந்துவிட்டு, தெரியாத கூட்டத்தைப் பார்த்து மிரண்டு நிற்கிறார்கள். கொலைக்கு ஏவியவன் புலவரை ஆதரிக்கும் அரசன். சாகப்போவது அவனுடைய பகைவனின் பிள்ளைகள். புலவர் அந்தப் பிள்ளைகளுக்காகப் பேசினார். ஒன்பது வயதுச் சிறுமிக்காகப் பேச இந்த நாட்டின் இலக்கிய உலகில் ஒரு கோவூர்கிழார் கிடைக்கவில்லை. ஆதரித்தவர் பக்கமே நிற்கவேண்டும் என்று வாதிட, இராவணனின் தம்பி கும்பகர்ணனைச் செஞ்சோற்றுக் கடனுக்கு உதாரணம் காட்டுவோர் உண்டு. கம்பனின் கும்பகர்ணனும் அண்ணனைச் சபையில் கண்டித்துவிட்டுத்தான் களத்துக்குப் போனான்.

மறுபக்கமும் ஒன்று இருக்கிறது. நண்பரின் பிழையைப் பொறுப்பதற்கு நாலடியார் தனி அதிகாரமே வைத்திருக்கிறது. நெல்லுக்கு உமியும் நீருக்கு நுரையும் உண்டென்று நினைவூட்டுகிறது. அது சரி. உமி என்றால் சின்னக் குறைகள் என்றுதான் கொள்ளமுடியும். குழந்தைக்கு இழைத்த கொடுமையை உமிக்குள் அடக்கமுடியாது.

தமிழ் இலக்கிய உலகம் இதை வெள்ளைக்காரர் பிரச்சினை என்று தள்ளிவைக்கவும் முடியாது. ஸ்காபரோவில் ஒரு நூல் வெளியீட்டுக்குப் போனால் தெரியும். மேடையில் ஆறு பேர், ஆறு பேரும் நண்பர்கள். பொன்னாடை, வாழ்த்து, பிறகு பிரதிக்கு வரிசை. குறை சொல்பவர் அடுத்த கூட்டத்தில் மேடை ஏறமாட்டார். இந்தப் பழக்கம் நூலோடு நிற்பதில்லை, மனிதர்களுக்கும் தாவுகிறது. 2018இல் பாடகி சின்மயி கவிஞர் வைரமுத்துமீது பாலியல் குற்றச்சாட்டு வைத்தார், அவர் மறுத்தார். உண்மையை விசாரித்தல்லவா அறியவேண்டும்? அதற்குள் கவிஞருக்காகப் பரிந்து பேசவும் குற்றம் சொன்னவரை ஏசவும் எத்தனை பேர் புறப்பட்டார்கள்! சின்மயி டப்பிங் கலைஞர் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். சந்தா கட்டவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். இன்னொரு பெண் இதைப் பார்த்த பிறகு பேச வருவாளா? அந்தக் கேள்வியை எழுத்தாளரின் நண்பர்கள் தங்களிடமே கேட்கவேண்டும்.

1963இல் மன்றோவும் முதல் கணவரும் விக்டோரியா நகரில் தொடங்கிய புத்தகக் கடை இன்றும் மன்றோ என்ற பெயரில்தான் நடக்கிறது. நடத்துபவர்கள் இப்போது வேறு ஆட்கள். 2024 ஜூலையில் அன்ட்ரியாவின் கட்டுரை வெளிவந்தபோது, அவர் பக்கம் நிற்பதாக அந்தக் கடை பகிரங்கமாக அறிவித்தது. வாசலில் தொங்கும் பெயரே அவர்களுடைய வியாபாரம். வாய்மூடி இருக்க அவர்களுக்கு இருந்த காரணம் எந்த நண்பருக்கும் இருந்ததைவிடப் பெரியது.