ஆவியா, பனியா, புகையா?

கண்ணுக்குத் தெரியாத ஒன்றை, காதில் விழும் ஓசையை மட்டும் வைத்து ‘இதனால்தான் இது’ என்று முடிவு கட்டலாமா? கட்டினால் அதை அறிவு என்பதா, வெறும் துணிச்சல் என்பதா? என் மேசைக்கு இந்தக் கேள்வி அன்றாடம் வருகிறது. ஆனையூரில் வீட்டின் முன்னறையிலேயே லேப்டாப் சர்வீஸ் பார்க்கிறேன். படித்தது எம்.ஏ. தமிழ். தொழிலைக் கற்றது டவுன்ஹால் ரோட்டில் கடை வைத்திருந்த அண்ணனிடம். படித்ததும் கற்றதும் வேறுவேறு என்று நெடுநாள் நினைத்திருந்தேன். மணிமேகலையை மறுபடி எடுத்துப் படித்தபோது அந்த எண்ணம் போனது.

எங்கள் பகுதி 2011-இல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது. பாதாளச் சாக்கடைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் தோண்டிய தெருக்களின் புழுதி வீட்டுக்குள் வரும். வீட்டிலிருந்து லேப்டாப்புக்குள் போகும். சித்திரை, வைகாசியில் வெளி வெப்பம் 40 டிகிரியைத் தொடுகிற ஊர் இது. ஆகவே கோடை பிறந்தால் வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொல்வார்கள்: “ஃபேன் கத்துதுக்கா, மாத்தி விட்ருங்க.” நோய் இன்னது, மருந்து இன்னது என்று இரண்டையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். நான் ஆமாம் என்றால் வேலை முடிந்தது, காசும் வந்தது. அந்த ஆமாமைச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்பதே என் கேள்வி.

மணிமேகலையைப் பாடிய சாத்தனாரை மதுரைக் கூலவாணிகன் என்கிறது மரபு. தானியம் விற்றவர். கல்லூரியில் அவருடைய காவியத்தை ஆதிரை, அமுதசுரபி, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்கியது என்று கதைப்பகுதியாகவே படித்தோம். 27, 29, 30-ஆம் காதைகளை வேகமாகக் கடந்துவிட்டோம். அவை கடினமானவை என்பது மெய்தான். உ.வே.சாமிநாதையர் 1898-இல் இந்நூலைப் பதிப்பித்தபோது அவருக்கே பௌத்தத் தத்துவத்தை விளக்கிச் சொல்ல ஒருவர் தேவைப்பட்டார். கும்பகோணம் கல்லூரியில் இருந்த ரங்காசாரியார் உதவினார். ஆனால் அந்தக் காவியத்தின் உயிர் இந்தக் காதைகளில்தான் இருக்கிறது என்று இன்று நான் உறுதியாக நினைக்கிறேன். வஞ்சியில் பல சமயத்தாரின் வாதங்களைக் கேட்டுவிட்டுக் காஞ்சிக்கு வருகிற மணிமேகலைக்கு, பௌத்தத் துறவியான அறவண அடிகள் எடுத்த எடுப்பில் அறத்தைச் சொல்லவில்லை. எது அறிவு, எது அறிவு போலத் தோன்றும் பிழை என்பதைச் சொல்லிக்கொடுத்த பிறகே அறத்துக்குப் போகிறார். துறவு பூண வந்த ஓர் இளம்பெண்ணுக்கு முதல் பாடம் தருக்கம்! இதைவிடப் பெரிய மரியாதையை எந்தக் குரு எந்த மாணவிக்குச் செய்திருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை.

அடிகள் ஒப்புக்கொள்ளும் அளவைகள் இரண்டே: நேரே காண்பது, கருதி அறிவது. கருதி அறிவதற்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டு பழையது, எளியது. இந்த மலையில் நெருப்பு இருக்கிறது. ஏனென்றால் புகை இருக்கிறது. அடுக்களையில் பார்த்திருக்கிறோமே, அதுபோல. ஆனால் புகை என்கிற ஏது, அதாவது காரணம், செல்ல வேண்டுமானால் மூன்று நிபந்தனை உண்டு. நாம் பேசுகிற இடத்தில் அது உண்மையாகவே இருக்க வேண்டும். நெருப்புள்ள மற்ற இடங்களிலும் அது காணப்பட வேண்டும். நெருப்பு இல்லாத இடத்தில் அது இருக்கவே கூடாது. பின்னிரண்டையும் சபக்கத்தில் உண்மை, விபக்கத்தில் இன்மை என்பார்கள். முதல் இரண்டை யாரும் செய்துவிடுவார்கள். மூன்றாவதைச் செய்பவர்கள் குறைவு.

என் மேசையில் இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். ஒரு லேப்டாப் இரைகிறது. அந்த ஓசை ஃபேனுடையதுதானா? பழைய ஹார்ட் டிஸ்க்கும் உள்ளே சுழலும் பொருள்தான். அது கெட்டுப்போகும்போது டிக் டிக்கென்று அடிக்கும். போர்டில் உள்ள சுருள்கள் மின்னோட்டத்தில் அதிர்ந்து மெல்லிய கீச்சொலி எழுப்பும். திரையில் பக்கத்தை மேலும் கீழும் நகர்த்தினால் அந்தக் கீச்சு மாறும், ஃபேனின் வேகத்துக்கும் அதற்கும் தொடர்பு இருக்காது. திருப்புளியின் நுனியை அடிமூடியில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டால் ஓசை எங்கிருந்து வருகிறது என்று ஓரளவு தெரியும். அடிகள் இதற்கும் ஒரு பிழையைப் பெயரிட்டு வைத்திருக்கிறார். தூரத்தில் தெரிவது ஆவியா, பனியா, புகையா என்ற ஐயமே தீராமல் அங்கே நெருப்பு உண்டு என்று துணிவது அது. அசித்தங்களில் ஒன்று. அடையாளமே உறுதியாகவில்லை, அதற்குள் தீர்ப்பு வந்துவிடுகிறது.

ஓசை ஃபேனுடையதுதான் என்று தெரிந்த பிறகும் வேலை பாதிகூட முடிவதில்லை. ஹோ என்று காற்று இரைகிற சத்தம் வேறு, கரகரவென்று அரைபடும் சத்தம் வேறு. முதலாவது பெரும்பாலும் ஃபேனின் குற்றமே அல்ல. ப்ராசஸர் சூடாகிறது, அதன் மேலுள்ள செம்புக் குழாய் அந்தச் சூட்டை மெல்லிய தகடுகளுக்குக் கொண்டுபோகிறது, ஃபேன் அங்கே காற்றை ஊதுகிறது. சூடு ஏறினால் வேகத்தைக் கூட்டச் சொல்லி உத்தரவு வருகிறது, ஃபேன் கூட்டுகிறது. தகடுகளின் வாயை நூலும் தூசியும் அடைத்திருந்தாலும், ப்ராசஸர் மேலிட்ட பேஸ்ட் காய்ந்திருந்தாலும், பின்னணியில் ஏதோ ஒரு மென்பொருள் ஓயாமல் ஓடினாலும் ஒரே இரைச்சல்தான். நல்ல ஃபேன் உள்ள லேப்டாப்பும் இப்படி இரையும், கெட்ட ஃபேன் உள்ளதும் இரையும். இரு பக்கத்துக்கும் பொதுவான அடையாளம் எதையும் நிறுவாது. ஒலி நிலையில்லாதது, ஏனென்றால் அது அறியப்படுகிறது என்று ஒருவன் வாதிட்டால், அறியப்படுவது நிலைத்ததற்கும் நிலையாததற்கும் பொதுவாயிற்றே என்று அறவண அடிகளின் பள்ளி மடக்கும். இப்பிழைக்கு அநைகாந்திகம் என்று பெயர்.

ஒரு தகப்பனார் தன் மகனோடு வந்திருந்தார். பையன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். “ராத்திரி பூராம் கேமு. அதான் இந்தக் கத்து கத்துது. நான் சொன்னா இல்லங்கிறான். நீங்களே பாத்துச் சொல்லுங்க” என்றார். பையன் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். லேப்டாப்பை மேசையில் வைத்துப் போட்டேன். எதையும் திறக்கவில்லை. டாஸ்க் மேனேஜரில் ப்ராசஸர் கிட்டத்தட்ட சும்மா இருந்தது. இரைச்சல் மட்டும் குறையவில்லை. வெப்பம் 80 டிகிரியைத் தாண்டியது.

“அண்ணே, இப்ப கேம் ஏதாச்சும் ஓடுதா?”

“இல்லம்மா.”

“சத்தம் கேக்குதா?”

“கேக்குது.”

பேட்டரி இணைப்பைக் கழற்றி, ஃபேனை எடுத்துக் காட்டினேன். ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவில் கம்பளித் துண்டு போல ஒரு படலம். பையன் லேப்டாப்பை மெத்தையில் வைத்துப் படிக்கிறான். பருத்தி விரிப்பின் நூல் உறிஞ்சப்பட்டு அங்கே சேர்ந்திருக்கிறது. ஃபேன் சுழலாதபடி குச்சியால் பிடித்துக்கொண்டு தூசியை ஊதி, பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது வைத்தேன். சத்தம் அடங்கியது. பிறகு அந்தத் தகப்பனாரிடம் ஒன்றை மட்டும் தெளிவாகச் சொன்னேன்: உங்கள் மகன் விளையாடுகிறானா இல்லையா என்று எனக்குத் தெரியாது, இந்தச் சத்தத்தைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். பையனுக்கு நான் நற்சான்று கொடுக்கவில்லை. கொடுக்க என்னிடம் அளவை இல்லை. அவன்மேல் சுமத்தப்பட்ட குற்றத்துக்கு ஏது இல்லை என்று மட்டுமே என்னால் சொல்ல முடிந்தது. அவனுக்கு அதுவே பெரிதாக இருந்ததை முகத்தில் பார்த்தேன்.

அரைபடும் சத்தத்துக்கு வருகிறேன். காலையில் போட்டதும் கரகரவென்று வந்து, சற்றுச் சூடானதும் குறைந்தால், லேப்டாப்பைச் சாய்த்தால் ஓசை மாறினால், அச்சு காய்ந்திருக்கலாம் என்று கருதுவேன். கருதுவேன், அவ்வளவே. அடிமூடியைத் திறந்து ஃபேனின் நடுக்குமிழை மரக்குச்சியால் ஓரிரு நொடி மெல்ல அழுத்தி நிறுத்துவேன். ஃபேன் நின்றும் கரகரப்பு தொடர்ந்தால் என் கருத்து விழுந்தது. நின்றதோடு ஓசையும் நின்றால் ஃபேன்தான். அப்போதும் இறக்கையில் ஏதாவது ஒயர் உரசுகிறதா என்று பார்த்த பிறகே அச்சுக்குப் போவேன். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். சில மாதம் ஓடும், தேய்ந்த அச்சை அது மீட்காது என்பதையும் சொல்லிவிடுவேன். தேங்காய் எண்ணெய் விட்டுக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அது தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். தயவுசெய்து விடாதீர்கள்.

எங்கள் வீடு சைவ வீடு. அடிகளின் இரண்டு அளவைகளோடு சைவ சித்தாந்தம் மூன்றாவதாக ஓர் அளவையையும் வைக்கிறது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் தொடக்கத்திலேயே அளவைகளைப் பத்து வரை எண்ணி, எல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்று நிறுத்துகிறார். பெரியோர் சொல், ஆகமத்தின் சொல், உரை. என் தொழிலிலும் பிறர் சொல் இல்லாமல் ஒன்றும் ஆகாது. எப்போது தொடங்கியது, கீழே விழுந்ததா, முன்பு யார் திறந்தார்கள் என்பதெல்லாம் கேட்டுத்தான் தெரிய வேண்டும்.

இங்கேதான் என்னை உறுத்திக்கொண்டிருந்த பெரிய கேள்விக்கு வருகிறேன். உலகம் தோன்றி நின்று அழிகிறது. ஆகவே அதைச் செய்பவன் ஒருவன் உண்டு, குடத்துக்குக் குயவன்போல. சித்தாந்தம் கருதலளவையால் இறைவனை இப்படிக் காட்டுகிறது. அறவண அடிகள் எதிரே அமர்ந்திருந்தால், விபக்கம் எங்கே என்று கேட்பார். கர்த்தா இல்லாத ஓர் உலகத்தை எடுத்து வைத்து, இந்த அடையாளம் அதில் இல்லை பார் என்று காட்ட நமக்கு இன்னோர் உலகம் கிடையாது. இந்தத் தடையை நான் நேர்மையானதென்றே மதிக்கிறேன். ஆயுத பூஜைக்குத் திருப்புளிகளுக்குச் சந்தனம் வைத்துக் கும்பிடுகிறவள் நான். என் பக்தி இதனால் ஒரு துளியும் குறையவில்லை. நான் ஆண்டவனை அனுமானத்தால் பிடித்தவள் அல்ல. உரையை நம்பி, கும்பிட்டுக் கும்பிட்டு அறிந்தவள். எந்த அளவையில் நிற்கிறேன் என்பதைச் சொல்லிவிட்டு நிற்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

என்னை வருத்துவது வேறு. கடவுள் உண்டா இல்லையா என்று வரும்போது ஊரே சான்று கேட்கிறது. வீட்டில் மோதிரத்தைக் காணோம் என்றால், அன்று வேலைக்கு வந்த அம்மாவைச் சந்தேகிக்க ஒருவரும் சான்று கேட்பதில்லை. சோதித்துப் பார்க்க வழியில்லாத இடத்தில் அவ்வளவு கண்டிப்பு. ஐந்து நிமிடத்தில் சோதித்துவிடக் கூடிய இடத்தில் இவ்வளவு அலட்சியம். அந்த அம்மா வராத நாட்களிலும் இந்த வீட்டில் பொருள் காணாமல் போயிருக்கிறதா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அறத்துக்கு முன் தருக்கத்தைச் சொன்ன அடிகளின் மனம் எனக்கு இங்கே புரிகிறது. பிழையான அனுமானம் அறிவுக்கு மட்டும் கேடு என்றால் பண்டிதர்கள் அதைப் பார்த்துக்கொள்வார்கள். அது இன்னொருவர் மேல் போய் விழுகிறது. என் தொழிலில் பணமாக விழுகிறது, வீடுகளில் பழியாக விழுகிறது.

ஆகவே நீங்கள் எந்த ஊரில் எந்தக் கடைக்கு லேப்டாப்பைக் கொண்டுபோனாலும், ‘ஃபேன் போச்சு, மாத்தணும்’ என்று சொல்பவரிடம் கேளுங்கள்: ஃபேனை நிறுத்திப் பார்த்தீர்களா, அப்போது சத்தம் நின்றதா, தகடுகளில் தூசி இருந்ததா? கோபித்துக்கொண்டால் வேறு கடைக்குப் போங்கள். என்னிடம் வந்தாலும் இதையே கேளுங்கள்.